புதுப்பிப்பு: மகளின் இரவு இருமலும், வேர்க்கடலை பற்றிய ஒரு திருத்தமும்

இரண்டே கால் வயதான என் மகளுக்கு விடியற்காலையில் இருமலும் வீசிங்கும் வருவதைப் பற்றிக் கடந்த மார்கழியில் எழுதியபோது, சாம்பிராணிப் புகையை நிறுத்த வேண்டுமா என்று கேட்டிருந்தேன். நிறுத்திவிட்டோம். தலைக்குக் குளிப்பாட்டியதும் புகை காட்டும் வழக்கத்தை விட மாமியாருக்கு மனம் வரவில்லை. ஆனால் சிறு குழந்தையின் மூச்சுக்குழாய் மிகக் குறுகியது என்பதால் சிறிதளவு வீக்கமே காற்றைத் தடுத்துவிடும் என்று மருத்துவர் விளக்கியதும், மாமியாரே தூபக்காலைப் பரணில் ஏற்றிவிட்டார். கொசுவர்த்திச் சுருளுக்குப் பதிலாக வலை கட்டுகிறோம். ஒவ்வாமையைத் தூண்டும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் மடிவதற்காகப் படுக்கை விரிப்புகளை வாரந்தோறும் 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறோம்.

ஒவ்வாமை வராமலிருக்க வேர்க்கடலையை மூன்று வயது வரை தள்ளிப்போட வேண்டும் என்று அப்போது நான் எழுதியது தவறு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2000-இல், ஒவ்வாமை வாய்ப்பு மிகுந்த குழந்தைகளுக்குக் கூறிய அந்த அறிவுரையை 2008-இலேயே கைவிட்டது. கடுமையான கரப்பான் என்னும் தோல் அழற்சியோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளை லண்டனில் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவின்படி, முதல் வயதுக்குள்ளேயே வேர்க்கடலையை உண்ணத் தொடங்கியவர்களுக்கு ஐந்து வயதில் அந்த ஒவ்வாமை மிகக் குறைவாகவே இருந்தது. இத்தகைய குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேட்ட பின்பே தொடங்குங்கள். முழுக் கடலை தொண்டையில் சிக்கும் என்பதால், நைசாக அரைத்துக் கஞ்சியில் கலந்தே கொடுங்கள்.

மகளுக்கு ஸ்பேசர் (மருந்தை மெதுவாக உள்ளிழுக்க இன்ஹேலரில் பொருத்தும் குழாய்) வழியாக இன்ஹேலர் தொடர்கிறது. கடந்த ஆறு வாரங்களில் இரண்டு இரவுகள் மட்டுமே இருமி எழுந்தாள்.