அண்ணாந்து பார்த்ததும் "வெட்டலாம்" என்று தோன்றுவது எப்படி?

சுங்கைசிப்புட்_காரன்:
செம்பனை (எண்ணெய்ப்பனை) வெட்டும் பழைய ஆட்கள் குலையைப் பார்த்த மாத்திரத்தில் "இது அடுத்த சுத்துக்கு" என்றுவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் "தோணுது லா", அவ்வளவுதான். இந்த உள்ளுணர்வை அறிவியல் விளக்குமா, பேர் மட்டும் வைக்குமா?

பால்மரம்:
பெரும்பகுதியை விளக்கும். உளவியல் ஆய்வாளர்கள் ஹெர்பர்ட் சைமனும் வில்லியம் சேஸும் 1973-இல் சதுரங்கப் பலகையை 5 விநாடி காட்டி மறைத்தார்கள். உண்மையான ஆட்ட நிலையைத் தேர்ந்த ஆட்டக்காரர் புதியவரைவிட வெகு நன்றாகத் திரும்ப அடுக்கினார். காய்களைக் கண்டபடி வைத்தபோது அந்த மேன்மை கிட்டத்தட்ட மறைந்தது. ஆக, பழகிய அமைப்பைக் கண் அடையாளம் காண்கிறது.

குலையிலும் தடயம் உண்டு: கருமை போய்ச் செம்மஞ்சள் ஏறுவது, மரத்தடியில் உதிரிப் பழம். மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் தரவிதிப்படி பழுத்த குலையில் பழம் உதிர்ந்த புதுக் குழி 10-ஆவது வேண்டும். வெட்டுபவர் எதைப் பார்க்கிறார் என்று அறிய, பாதி மரங்களின் அடியில் உதிரியை முன்கூட்டியே பொறுக்கிவிடுங்கள். ஒவ்வொரு குலைக்கும் அவர் சொல்வதை எழுதிவிட்டு, வெட்டிக் குழியை எண்ணுங்கள். பொறுக்கிய மரங்களில் மட்டும் பிழை கூடினால், அவர் நம்பியிருப்பது தரையை. "வேண்டாம்" என்ற குலையிலும் சிலவற்றை வெட்டாவிட்டால் கணக்கு ஒருபக்கமாகிவிடும் (மண்டோர், அதாவது வேலையை மேற்பார்ப்பவர், முகம் சுளிப்பார், முன்பே பேசி வையுங்கள்).

கம்பத்துஆசிரியர்:
ஒரு திருத்தம். உள்ளுணர்வு எல்லா இடத்திலும் நம்பத்தக்கதல்ல. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009-இல் இரண்டு நிபந்தனை வைத்தார்கள்: சூழலில் ஒழுங்கு வேண்டும், சரியா தப்பா என்று தெரிந்து பழக வாய்ப்பும் வேண்டும். செம்பனையில் இரண்டும் உண்டு. நாலு நம்பர் லாட்டரியில் ஒழுங்கே கிடையாது. 10,000 எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு, எத்தனை வருடம் எடுத்தாலும் கை தேறாது.

ஒழுங்கு மாறினாலும் அனுபவம் காலை வாரும். காயில் பச்சையாகவே இருக்கும் விரெசன்ஸ் வகையில், கருங்காய்க்குப் பழகிய கண் முதலில் தடுமாறும்.

சுங்கைசிப்புட்_காரன்:
மூளைக்கு முன்னால் உடம்புக்குத் தெரியும் என்கிறார்களே?

பால்மரம்:
1997-இல் பெச்சாரா, டமாசியோ குழுவின் சீட்டுச் சோதனையிலிருந்து வந்த பேச்சு. எந்தக் கட்டு நட்டம் என்று வாயால் சொல்லும் முன்பே உள்ளங்கை வேர்வை மாறியது. ஆனால் 2004-இல் மாயாவும் மெக்லெலாண்டும் கேள்வியை நுணுக்கிக் கேட்டபோது, ஆட்டக்காரர்களுக்கு முன்பே கணிசமாகத் தெரிந்திருந்தது. உங்கள் வெட்டுபவரிடமும் "ஏன்?" வேண்டாம், இரண்டு குலையைக் காட்டி "இதில் எது முந்தி, எங்கே பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள்.