வீட்டு பிளக்கிலிருந்து கார் டயருக்குக் காற்று: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வளசரவாக்கம் வாசி:

அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைக்கீழ் நிறுத்தத்தில் எங்கள் கார் பெரும்பாலும் உறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. வாரக்கணக்கில் எடுக்காமல் விட்டால் பின் டயர் ஒன்று இறங்கிவிடுகிறது. டிக்கியில் 12 வோல்ட் காற்றடிக்கும் கருவி இருக்கிறது. ஆனால் சாவியைத் திருப்பினால்தான் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கு மின்சாரம் வரும். பேட்டரியும் பழையது. காற்றோட்டமில்லாத இடத்தில் எஞ்சினை ஓடவிட்டுப் புகையைக் குடிக்கவும் விருப்பமில்லை. பக்கத்துத் தூணிலேயே பிளக் பாயின்ட் இருக்கிறது.

வீட்டு மின்சாரத்தைக் கார் சாக்கெட்டாக மாற்றும் அடாப்டர் ஒன்றைக் கடைக்காரர் கொடுத்தார். ஒரு முனையில் சுவர் பிளக், மறுமுனையில் சிகரெட் லைட்டர் துளை. கருவியைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் ஒரு முனகல், நிசப்தம், மறுபடி முனகல். அடாப்டர் கெட்டதென்று திருப்பிக் கொண்டுபோனேன். கடைக்காரர் அதிலேயே ஒரு மொபைல் சார்ஜரைச் செருகி, நன்றாக வேலை செய்வதாகக் காட்டிவிட்டார். அடாப்டரின் மேல் 12 வோல்ட், 5 ஆம்பியர் என்றும், கருவியின் அடியில் 12 வோல்ட், 120 வாட் என்றும் எழுதியிருக்கிறது. வேறு வழியில் சாதித்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

ஈரோடு எலக்ட்ரீஷியன்:

உங்கள் கேள்வியின் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது சார். 120 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 10 ஆம்பியர். ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் அவ்வளவு. நின்றுகொண்டிருக்கும் மோட்டாரைக் கிளப்பும் அந்த நொடியில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். கார் பேட்டரி அதைச் சட்டை செய்யாது, கொடுத்துவிடும். அடாப்டருக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று அளவு மீறியதென்று வெளியீட்டை நிறுத்தும், சற்றுப் பொறுத்து மறுபடி முயலும். நீங்கள் கேட்ட முனகலும் நிசப்தமும் அதுதான். எதுவும் கெடவில்லை.

வாடிக்கையாளர் வீடுகளில் இதே புகாரை அடிக்கடி கேட்கிறேன். எல்லோரும் வோல்ட்டை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். ரௌட்டர் அடாப்டரும் 12 வோல்ட்தான், ஆனால் அது தருவது 1 அல்லது 2 ஆம்பியர். உங்கள் கருவிக்கு 12 வோல்ட், 20 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். வாங்குங்கள். வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றித் தரும், எல்.இ.டி. விளக்குப் பலகைகளுக்குப் போடும், ஓட்டைகள் போட்ட தகரப் பெட்டி அது. சென்னையில் ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். அதில் வெளியீட்டைத் திருத்தும் சிறிய திருகு ஒன்று இருக்கும். மல்டிமீட்டர் வைத்து 13 வோல்ட்டுக்குக் கொண்டுவந்தால் கருவி இன்னும் தெம்பாக ஓடும். எஞ்சின் ஓடும்போது கார் சாக்கெட்டில் 13.8 வோல்ட் அளவில் வருவதால் கருவிக்கு அது புதிதல்ல. சுவர்ப் பக்கம் இழுப்பது 1 ஆம்பியருக்குள் அடங்கும், சாதாரண 5 ஆம்பியர் பாயின்ட் போதும். இதற்காக ஏ.சி. பாயின்ட்டைத் தேடி அலைய வேண்டாம்.

கவனிக்க வேண்டியது வயர். ஒரு வீட்டில் சரியான பெட்டியை வாங்கிவிட்டு, ஸ்பீக்கர் வயரை நீளமாக இழுத்து இணைத்திருந்தார்கள். அரை சதுர மில்லிமீட்டர் வயர். 3 மீட்டர் தூரத்துக்குப் போக வர 6 மீட்டர். 10 ஆம்பியர் ஓடும்போது அதில் மட்டும் 2 வோல்ட்டுக்கு மேல் தொலைந்துபோகும். கருவி ஓடியது, காற்று ஏறவில்லை, வயர் கொதித்தது. இரண்டரை சதுர மில்லிமீட்டர் வயர் போட்டதும் இழப்பு அரை வோல்ட்டாகச் சுருங்கியது. தடித்த வயரின் விலைக்கு அழுதால் பெட்டிக்குக் கொடுத்த பணமும் வீண்.

அந்தத் தகரப் பெட்டியில் 230 வோல்ட் முனைகள் திறந்தே கிடக்கும். மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, காற்றோட்டத்துக்கு இடம் விட்டு, எர்த் கட்டாயம் இணைக்க வேண்டும். சாக்கெட்டில் நடுமுனை பாசிட்டிவ், சுற்றியிருக்கும் உலோகம் நெகட்டிவ்.

நடைமுறைவாதி:

எதற்கு இவ்வளவு பாடு? பெட்ரோல் பங்கில் காற்று இலவசம்.

வளசரவாக்கம் வாசி:

பங்க் வரை போனால் இலவசம்தான். 10 பி.எஸ்.ஐ.க்கு இறங்கிய டயரில் அவ்வளவு தூரம் ஓட்டினால் பக்கச்சுவர் நசுங்கி டயரே போய்விடும்.

தஞ்சாவூர் டீச்சர்:

நான் சுவர் பிளக்கின் பக்கமே போகவில்லை. எங்கள் வீட்டு இன்வெர்ட்டருக்கு 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி ஒன்று இருக்கிறது. அதுவும் 12 வோல்ட்தானே? சிகரெட் லைட்டர் துளையுடன் முதலைவாய் கிளிப் இரண்டு பொருத்திய வயர், கார் உதிரிப்பாகக் கடையில் கிடைத்தது. சிவப்பை பாசிட்டிவிலும் கறுப்பை நெகட்டிவிலும் கவ்வவிட்டு, வயரை ஜன்னல் வழியே போர்டிகோவுக்கு எடுத்தேன். கருவி காரில் ஓடுவதைவிட வேகமாகவே ஓடுகிறது. பத்து நிமிடம் ஓடினால் செலவாவது 2 ஏ.எச்.கூட இல்லை, அந்த பேட்டரிக்கு அது கொசுக்கடி. பேட்டரி போர்டிகோவுக்கு அருகில் இருப்பதால் எனக்கு இது சாத்தியமானது. வீட்டின் பின்கட்டில் இருந்தால் ஈரோட்டுத் தம்பி சொன்ன வயர் கணக்கு காலை வாரிவிடும்.

ஆனால் பக்கத்து வீட்டில் பேட்டரி இரண்டு, தொடராக இணைத்து 24 வோல்ட். அவர்கள் இரு கோடியிலும் கிளிப் போட்டிருந்தால் கருவி புகைந்திருக்கும். நல்லவேளை, முன்கூட்டியே கேட்டார்கள். இரண்டில் ஒன்றில் மட்டும் மாட்டலாமே என்றார்கள். அவசரத்துக்குச் சரி, வழக்கமாக்கினால் இரண்டு பேட்டரியும் சமநிலை இழக்கும் என்று எங்கள் இன்வெர்ட்டர் மெக்கானிக் எச்சரித்தார்.

இன்னொன்று. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும். கருவியின் சுவிட்சை அணைத்துவைத்து, கிளிப்புகளை மாட்டி முடித்த பிறகே சுவிட்சைப் போடுவேன். பொறி பறந்தாலும் பேட்டரிக்குத் தள்ளிப் பறக்கட்டும்.

பத்மினிப் பிரியன்:

பழைய கணினியின் பவர் சப்ளையில் செய்கிறேன். மஞ்சள் வயர் 12 வோல்ட், கறுப்பு நெகட்டிவ். பச்சை வயரைக் கறுப்புடன் இணைத்தால்தான் பெட்டி விழிக்கும். பெட்டியின் முகப்பில் 450 வாட் என்று பெருமையாக எழுதியிருக்கும். அதை நம்பாதீர்கள், ஸ்டிக்கரில் உள்ள சிறிய அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். மஞ்சள் வயர்கள் மெல்லியவை, பலவற்றைச் சேர்த்து முறுக்கிப் பயன்படுத்துகிறேன்.

என் நண்பர் ஒருவர் பேட்டரி சார்ஜரிலிருந்து நேரடியாக எடுக்கப் பார்த்தார். புதுவகை சார்ஜர்கள் பலவும் எதிரே பேட்டரி இருப்பதை உணர்ந்தால்தான் மின்சாரமே விடும். ஒரு மணி நேரம் அதனோடு மல்லுக்கட்டிவிட்டுக் கடைசியில் மிதிவண்டிப் பம்பை எடுத்தார். கார் டயருக்கு! மறுநாள் தோள்வலி.

கோவைக்காரர்:

மாற்றுக்கருத்து ஒன்றையும் பதிந்துவைக்கிறேன். அடாப்டர், பெட்டி, வயர் என்று சேர்க்கும் பணத்துக்கு, 230 வோல்ட்டிலேயே ஓடும் சிறிய கம்ப்ரசர் வாங்கிவிடலாமா என்று ஒருமுறை விலை விசாரியுங்கள். நான் அப்படித்தான் வாங்கினேன். சத்தம்தான் கடுமை. ஞாயிறு காலையில் ஓட்டியபோது மேல்மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்த பார்வை இன்னும் உறுத்துகிறது. சார்ஜ் ஏற்றிவைக்கும் லித்தியம் வகையும் இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. வீட்டில் சார்ஜ் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினால் போதும். புதிதாக வாங்குபவருக்கு என் ஓட்டு அதற்குத்தான். ஏற்கெனவே 12 வோல்ட் கருவி வைத்திருப்பவருக்கு எஸ்.எம்.பி.எஸ். வழி சரி.

எந்த வழியானாலும் கருவி தொடர்ந்து ஓடக்கூடிய நேரம் அதன் மேலேயே எழுதியிருக்கும், பெரும்பாலும் பத்து நிமிடம். சுவர் மின்சாரம் தீராது என்பதற்காக நான்கு டயரையும் ஒரே மூச்சில் ஏற்றினால் சிலிண்டர் சூட்டில் இறுகிவிடும்.

வளசரவாக்கம் வாசி:

20 ஆம்பியர் பெட்டியை எலக்ட்ரீஷியன் ஒருவரை வைத்தே பொருத்திவிட்டேன். முனகல் போய்விட்டது, டயர் 33 பி.எஸ்.ஐ.க்கு ஏறியது. மழை நாளில் தரைக்கீழ் நிறுத்தத்தில் தண்ணீர் கசியும், அப்போது ஓட்டலாமா?

ஈரோடு எலக்ட்ரீஷியன்:

ஈரத் தரையில் வேண்டாம். தூண் பாயின்ட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், இருக்கிறதா என்று சங்கத்தில் கேளுங்கள். இல்லையென்றால் பெட்டியின் பிளக்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

புதிய உறுப்பினர்:

என்னிடம் பழைய லேப்டாப் அடாப்டர் இருக்கிறது. அது போதுமா?

ஈரோடு எலக்ட்ரீஷியன்:

பெரும்பாலும் அது 19 வோல்ட், 3 ஆம்பியர் சொச்சம். வோல்ட் அதிகம், ஆம்பியர் குறைவு. வேண்டாம் தம்பி.