காவேரிப்பட்டினத்தில் தென்பெண்ணையின் மேல் ரயில் பாலம் இருந்ததா?

கேள்வி – காவேரிப்பட்டினம் வாசகர்:
தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒரு காலத்தில் சிறிய ரயில் ஓடியதாக எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. இரண்டு ஊர்களுக்கும் நடுவில் தென்பெண்ணை ஓடுவதால், எங்கள் ஊர்ப் பக்கம் ரயில் பாலம் ஒன்று இருந்திருக்க வேண்டும் அல்லவா? அதன் தூண் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

பதில் 1 – மொரப்பூர்க்காரன்:
இருந்ததில்லை ஐயா. நீங்கள் கேள்விப்பட்டது ஒரே பாதை அன்று. ஆற்றின் இரு கரைகளிலும் தனித்தனியே ஓடிய இரண்டு குறுகிய பாதைகள். வடகரையில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-லும், தென்கரையில் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-லும் ரயில் வந்தது. பின்னது 1913-இல் பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூர் வரை நீண்டது. தண்டவாள இடைவெளி இரண்டரை அடிதான்.

1876–78 பஞ்சத்தில் தானியம் கொண்டுசெல்ல வழியில்லாமல் மக்கள் மடிந்த பிறகு, பஞ்ச நிவாரணத்தை மனத்தில் வைத்துக் குறைந்த செலவில் போடப்பட்ட பாதைகள் இவை. அகன்ற மணல் ஆற்றுக்குப் பாலம் கட்டும் செலவை அவை தாங்கியிருக்காது என்பதே என் கணிப்பு.

இந்தப் பகுதியில் ஆற்றைக் கடந்தது சென்னை – சேலம் பெரிய பாதை மட்டுமே. 1856-இல் இராயபுரத்தில் தொடங்கிய அந்தப் பாதை 1861-இல் சேலத்தை எட்டியபோது, சாமல்பட்டிக்கும் மொரப்பூருக்கும் இடையில் தென்பெண்ணைக்குப் பாலம் வந்துவிட்டது. ஆகவே கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிக்கு ரயிலிலேயே போக நினைத்தவர் திருப்பத்தூரில் ஒருமுறை மாறி, அந்தப் பாலத்தைக் கடந்து, மொரப்பூரில் மறுமுறை மாற வேண்டும். மாட்டுவண்டியே முந்தியிருக்கும்!

பதில் 2 – ஊத்தங்கரை ஆசிரியர்:
மொரப்பூர் – ஓசூர் பாதை இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தெடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். இன்றைய சேலம் – பெங்களூரு பாதையும் தருமபுரி, ஓசூர் வழியாகத் தென்கரையிலேயே செல்வதால், கிருஷ்ணகிரி நகரம் இன்றும் ரயில் இல்லாமல் இருக்கிறது. மொரப்பூர் – தருமபுரி புதிய அகலப் பாதைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். அதற்கும் தென்பெண்ணையில் பாலம் தேவையில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இல்லாத தூண்களை இத்தனை நாள் தேடியிருக்கிறேன். அடுத்த முறை சேலம் போகும்போது சாமல்பட்டி தாண்டியதும் சன்னலோரம் உட்கார்ந்துகொள்கிறேன்.