துவாலு அரசின் கருவூலம் எதனால் நிரம்புகிறது: இணைய முகவரியாலா, கடலாலா?

கேள்வி (கடலோடி):

பசிபிக் தீவு நாடுகளின் பொருளாதாரத்தைப் பற்றிப் படித்து வருகிறேன். துவாலுவிடம் வந்து நின்றுவிட்டேன். ஒன்பது தீவுகளும் சேர்ந்து ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டர் நிலம், 11,000 அளவில் மக்கள். தேங்காய், மீன், குழி தோண்டிப் பயிரிடும் புலாக்கா என்ற கிழங்கு ஆகியவற்றைத் தவிர உள்ளூரில் விளைவது சொற்பம். அரிசி முதல் டீசல் வரை மற்றவை கப்பலில் வந்து இறங்குகின்றன. ஆயினும் அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் போகிறது. உள்ளூரில் குணப்படுத்த முடியாத நோயாளிகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் செலவையும் அரசே ஏற்கிறது. இணையத்தில் தேடினால், துவாலுவுக்கென ஒதுக்கப்பட்ட ‘.டிவி’ (.tv) என்ற குறியீட்டில் முடியும் இணைய முகவரிகளை விற்றே அந்நாடு வாழ்கிறது என்ற கதைதான் திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. அது எந்த அளவுக்கு உண்மை?

மறுமொழி 1 (அலைவாய்):

அந்தக் கதை பொய்யன்று. ஆனால் முக்கால்வாசியை மறைத்துவிடுகிறது. 2000-ஆம் ஆண்டையொட்டிச் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 12 ஆண்டுகளில் 5 கோடி அமெரிக்க டாலர் தருவதாக ஓர் அமெரிக்க நிறுவனம் ஏற்றது. அந்தப் பணத்தின் துணையோடுதான் துவாலு அதே ஆண்டு செப்டம்பரில் ஐ.நா. உறுப்பினரானது, தலைநகர் ஃபுனாஃபுட்டியில் தார்ச்சாலையும் போட்டது. பிறகு அந்த முகவரிகளை விற்கும் உரிமை வெரிசைன் நிறுவனத்தின் கைக்குப் போய், 2021-இல் கோடாடி என்ற நிறுவனத்துடன் புதிய ஒப்பந்தம் ஏற்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 1 கோடி டாலர் என்று அப்போது செய்திகள் வந்தன. சிறிய நாட்டுக்கு அது பெருந்தொகையே. இருந்தும் முதலிடம் அதற்கில்லை.

முதலிடம் சூரை மீனுக்கு. துவாலுவின் தனிப் பொருளாதார மண்டலம், அதாவது மீன்வளத்தின் மீது அந்நாட்டுக்கே உரிமையுள்ள கடற்பரப்பு, ஏழு லட்சம் சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. அதில் மீன்பிடிக்க ஜப்பான், கொரியா, தைவான், அமெரிக்கா போன்ற நாடுகளின் பெரிய சுருக்குவலைக் கப்பல்கள் உரிமக் கட்டணம் செலுத்துகின்றன. முன்பெல்லாம் ஒவ்வொரு தீவு நாடும் தனித்தனியே பேரம் பேசி, பிடிபட்ட மீனின் மதிப்பில் மிகச் சிறு பங்கைப் பெற்று வந்தது. சூரை மீன்பிடிப்பைக் கூட்டாக நிர்வகிக்கும் நவ்ரு உடன்பாட்டில் சேர்ந்த எட்டு நாடுகள் (துவாலுவும் அவற்றுள் ஒன்று) 2007-இல் கப்பல்-நாள் முறையைக் கொண்டுவந்த பிறகு நிலைமை தலைகீழானது. ஓராண்டில் இத்தனை நாள்கள்தான் மீன்பிடிக்கலாம் என்று கூட்டாக வரம்பு விதித்து, அந்த நாள்களைத் தமக்குள் பங்கிட்டு, ஒரு கப்பலுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் விற்கிறார்கள். அடிப்படை விலை ஒரு நாளுக்கு 8,000 அமெரிக்க டாலர் என்ற அளவுக்கு உயர்ந்தது. மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நாளுக்கான விலையைக் கட்டியாக வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். என்னைக் கேட்டால், அண்மைக் காலத்தில் வளரும் நாடுகள் செய்த மிகச் சாமர்த்தியமான கூட்டு வணிக ஏற்பாடுகளுள் இதுவும் ஒன்று.

மறுமொழி 2 (வரவுசெலவு):

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் சூரை ஓரிடத்தில் தங்கும் மீனன்று. எல் நினோ ஆண்டுகளில் வெதுநீர் கிழக்கே நகர, மீன் கூட்டமும் கிழக்கே போகிறது. எனவே ஒவ்வொரு நாட்டின் உரிம வருவாயும் ஆண்டுக்காண்டு ஏறி இறங்கும். இந்த ஏற்றத்தாழ்வைத் தாங்கத்தான் துவாலு அறக்கட்டளை நிதி இருக்கிறது. அதன் பின்னணியைத் தெரிந்துகொள்ளாமல் இந்நாட்டின் நிதிப்போக்கு விளங்காது.

துவாலு முன்பு எல்லிஸ் தீவுகள் என்ற பெயரில், இன்றைய கிரிபாட்டியான கில்பர்ட் தீவுகளோடு ஒரே பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்தது. 1974-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் எல்லிஸ் மக்கள் பிரிந்து போவதற்குப் பெருவாரியாக வாக்களித்தனர். பிரிவினைக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை கடுமையானது: பனாபா தீவின் பாஸ்பேட் வருவாயில் பங்கில்லை, பொதுச் சொத்தில் ஒரு கப்பல் மட்டுமே. பாஸ்பேட் பணத்தில் 1956-இலேயே உருவாகியிருந்த சேமிப்பு நிதி முழுவதும் கிரிபாட்டிக்குப் போக, துவாலு 1978-இல் ஏறத்தாழ வெறுங்கையோடு விடுதலை பெற்றது.

1987-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளின் கொடையோடு சுமார் 2.7 கோடி ஆஸ்திரேலிய டாலரில் அறக்கட்டளை நிதி தொடங்கப்பட்டது. இதில் இரண்டு கணக்குகள் உள்ளன. முதல் கணக்கிலுள்ள மூலதனத்தை அரசு தொட முடியாது. அதன் மதிப்பு ஆஸ்திரேலிய விலைவாசி உயர்வுக்கு ஈடாக வளர்ந்தாக வேண்டும். அதற்கு மேல் ஈட்டிய உபரி மட்டுமே இரண்டாம் கணக்குக்குப் போகும்; பற்றாக்குறை வரும்போது அரசு அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சந்தை சரிந்தால் உபரி இராது. 2008 நிதி நெருக்கடிக்குப் பின் சில ஆண்டுகள் அப்படித்தான் ஆயிற்று. கொடை நாடுகளின் பிரதிநிதிகளும் நிர்வாகக் குழுவில் அமர்ந்திருப்பதால், பாஸ்பேட் செல்வத்தைக் கண்காணிப்பின்றிக் கரைத்த நவ்ருவின் கதி இங்கு நேரவில்லை.

மறுமொழி 3 (மாலுமியின் மகன்):

நீங்கள் இருவரும் அரசின் வருவாயைப் பற்றியே பேசுகிறீர்கள். வீடுகளின் வருவாய் வேறு வழியில் வந்தது. அமாடுகு தீவிலுள்ள கடல்சார் பயிற்சிக் கழகத்தில் படித்த இளைஞர்கள் பல ஆண்டுகள் ஜெர்மன் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்து வீட்டுக்குப் பணம் அனுப்பினார்கள். 2008-க்குப் பிறகு அந்த வேலைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. இப்போது நியூசிலாந்தின் பழத்தோட்டங்களிலும் ஆஸ்திரேலியாவிலும் பருவகால வேலைக்குப் போகிறார்கள். தைவான் தரும் உதவியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1979 முதல் தைவானோடு தூதரக உறவைத் தொடரும் சில நாடுகளில் துவாலுவும் ஒன்று.

கேள்வியாளர் (கடலோடி):

மூவருக்கும் நன்றி. இன்னொரு ஐயம். உரிமக் கட்டணத்துக்கு அடிப்படை கடல் எல்லை. கடல் எல்லைக்கு அடிப்படை நிலம். கடல்மட்டம் உயர்ந்து நிலம் சுருங்கினால் அந்த வருவாய் என்னவாகும்?

மறுமொழி 4 (அலைவாய்):

பசிபிக் தீவுகள் மன்றம் 2021-இல் வெளியிட்ட பிரகடனம் இதற்காகவே எழுந்தது: ஐ.நா.விடம் ஒருமுறை பதிவுசெய்த கடல் எல்லைகள், கடல்மட்டம் உயர்ந்தாலும் குறுகா என்று உறுப்பு நாடுகள் அறிவித்தன. துவாலு 2023-இல் தன் அரசமைப்பையே திருத்தி, நிலப்பரப்பை இழந்தாலும் நாடு என்ற தகுதி நிலைத்திருக்கும் என்று எழுதிக்கொண்டது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவுடன் கையெழுத்தான ஃபலெபிலி ஒப்பந்தமும் அந்தத் தொடர்ச்சியை ஏற்கிறது.

ஆனால் அந்த ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்கு 280 பேர் வரை ஆஸ்திரேலியாவில் குடியேறலாம். 2025-இல் நடந்த முதல் குலுக்கலுக்கே, குடும்பத்தினரையும் சேர்த்து, மக்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் பெயர் கொடுத்தனர். எனவே கடல் எல்லையைவிட ஆள் பற்றாக்குறைதான் முதலில் நெருக்கும் என்று கருதுகிறேன். கப்பல்-நாள்களைக் கணக்கிட்டு விற்பதற்கும், கப்பல்களில் ஏறிக் கண்காணிப்பதற்கும், அறக்கட்டளைக் குழுவில் கொடை நாடுகளோடு வாதிடுவதற்கும் தேர்ந்த ஆள்கள் வேண்டும். அத்தகையோருக்கே வெளிநாட்டிலும் வேலை எளிதில் கிடைக்கும்.