செர்மாட் உயரமான ஊரா? ஏப்ரல் பனிச்சறுக்கு விடுமுறை பற்றி ஒரு வாக்குவாதம்

வடக்குச்சரிவு:
ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் பிள்ளைகளோடு பனிச்சறுக்கப் போக எந்த ஊர் நல்லது என்று 'முதல்தடவை' என்ற பெயரில் எழுதும் உறுப்பினர் கேட்டிருந்தார். அதற்கு இன்னொரு உறுப்பினரான மலைரயில், "கண்ணை மூடிக்கொண்டு செர்மாட்டுக்குப் போங்கள், ஆல்ப்ஸிலேயே மிக உயரமான பனிச்சறுக்கு ஊர் அதுதான்" என்று நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. சுவிட்சர்லாந்தின் செர்மாட் இருப்பது கடல்மட்டத்திலிருந்து 1,608 மீட்டரில். பிரான்சின் வால் தொரான்ஸ் இருப்பது 2,300 மீட்டரில். கழித்தல் தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம்.

மலைரயில்:
கழித்தல் எனக்கும் வரும், ஐயா. கட்டில் எத்தனை மீட்டரில் கிடக்கிறது என்று பார்த்து எவரும் பனிச்சறுக்கப் போவதில்லை; பனி எங்கே கிடக்கிறது என்று பார்த்துத்தான் போகிறார்கள். செர்மாட்டின் கேபிள் கார் 3,883 மீட்டர் வரை ஏறுகிறது. அங்குள்ள பனியாற்றின் மேல் கோடையிலும் சறுக்குகிறார்கள். உங்கள் வால் தொரான்ஸில், சறுக்குபவர்களைக் கம்பிவடத்தில் மேலேற்றும் லிஃப்ட் ஏறும் உச்சி 3,230 மீட்டர். இந்தக் கழித்தலையும் அதே பிள்ளையிடம் கொடுங்கள்.

வடக்குச்சரிவு:
நீங்கள் எழுதிய சொல் "ஊர்". மாட்டிக்கொண்டதும் அது "உச்சி" ஆகிவிட்டது. ஏப்ரலில் காலை ஒன்பது மணிக்குக் கண்ணாடிபோல் இறுகிக் கிடக்கும் பனி, பதினொரு மணிக்கு மேற்பரப்பில் இளகிச் சறுக்குவதற்கு இதமாகி, இரண்டு மணிக்குள் ஈர மணலைப்போல் காலைப் பிடித்து இழுக்கத் தொடங்கிவிடும். தாழ்வான சரிவுகளில்தான் இது முதலில் நடக்கும். செர்மாட்டில் ஊருக்குள் இறங்கும் பாதைகளில் அந்நேரம் புல்லும் சேறும் தெரிய, ஸ்கீ என்னும் சறுக்குப்பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு லிஃப்டில் இறங்குபவர்களை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வால் தொரான்ஸில் வாசற்படியில் மாட்டிய ஸ்கீயை வாசற்படியிலேயே கழற்றலாம். காரணம், 2,300.

ஈரச்சப்பாத்து:
2,300 என்று மந்திரம்போல் சொல்லும் நண்பர், அந்த உயரத்தில் ஒரு மரம்கூட இல்லை என்பதைச் சொல்ல மறந்துவிட்டார். மூட்டம் இறங்கினால் வானம் எங்கே முடிகிறது, சரிவு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. நின்றுகொண்டிருக்கிறோம் என்று நினைத்தபடியே மெதுவாக நகர்ந்து விழுந்தவன் நான். செர்மாட்டின் கீழ்ப்பகுதியில் மரங்கள் உண்டு. அவற்றின் ஓரமாகப் போனால் வெள்ளைக்கு நடுவே கண்ணுக்கு ஒரு பிடி கிடைக்கும். அது மட்டுமன்று, 2,300 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடச் சுமார் கால் பங்கு குறைவு. முதல் இரவு தலைவலியோடு விழித்துக் கிடப்பவர்கள் பலர்.

வடக்குச்சரிவு:
உங்கள் கட்சிக்காரர் நேற்று உயரமே சிறப்பு என்றார். இன்று நீங்கள் உயரமே நோய் என்கிறீர்கள். முதலில் இருவரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். அதுவரை 2,300 என்பது 2,300தான்.

குக்கர்:
சோற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்தக் குறைந்த காற்றழுத்தத்தால் வால் தொரான்ஸில் தண்ணீர் சுமார் 92 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். நாங்களே சமைத்துக்கொள்ளும் அடுக்ககத்தில், மின்னடுப்பில் அரை மணி நேரம் கொதித்த அரிசி நடுவில் கல்லாகவே இருந்தது. மறுநாள் குக்கரில் வைத்தபிறகுதான் அது சோறாயிற்று. அந்தக் குக்கரை அடுத்த பயணத்துக்கு இரவல் வாங்கிய மலைரயில் இன்றுவரை திருப்பித் தரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மலைரயில்:
குக்கரின் வாஷர் கிழிந்திருந்ததை நான் அப்போதே சொன்னேன். செர்மாட்டில் தங்குபவர்களுக்குக் குக்கர் அவ்வளவு தேவைப்படாது என்பதை மட்டும் முதல்தடவை குறித்துக்கொள்ளட்டும்.

வடக்குச்சரிவு:
ஆக, செர்மாட் தாழ்வான ஊர் என்று ஒப்புக்கொண்டீர்கள். நன்றி.

மலைரயில்:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. 3,883.

முதல்தடவை:
என் பிள்ளைகளுக்கு ஆறும் ஒன்பதும் வயது. இருவரும் ஸ்கீயைத் தொட்டதே இல்லை. ஜெனீவா விமான நிலையத்திலிருந்து எந்த ஊருக்குப் போவது எளிது என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

மலைரயில்:
செர்மாட்டுக்கு விமான நிலையத்திலேயே ரயில் ஏறி, ஃபிஸ்ப்பில் ஒருமுறை மாறினால் போதும். ஏறக்குறைய நான்கு மணி நேரம். காரில் வருபவர்கள் முந்தைய ஊரான டேஷில் நிறுத்திவிட்டுப் பன்னிரண்டு நிமிடம் ரயிலில் போகவேண்டும், ஏனெனில் பெட்ரோல் வண்டிகளுக்கு ஊருக்குள் இடமில்லை. வால் தொரான்ஸுக்கு ரயிலே கிடையாது. கீழே உள்ள மூத்தியேர் என்னும் ஊர் வழியாக மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறவேண்டும். சனிக்கிழமைகளில் அங்கே வண்டிகள் எறும்புச்சாரைபோல் நகரும்.

வடக்குச்சரிவு:
அந்த நெரிசலின் உச்சம் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் பிப்ரவரியில். அவர் கேட்பது ஏப்ரலைப் பற்றி. வால் தொரான்ஸ் சேர்ந்த மூன்று பள்ளத்தாக்குகளின் சறுக்குபாதைகளை இணைத்து 600 கிலோமீட்டர் என்று கணக்குச் சொல்கிறார்கள்; அத்தனைக்கும் மேலே உட்கார்ந்திருக்கும் ஊரை விட்டுவிட்டு ரயில் அட்டவணை படித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் பெயர் அப்படி என்பதால் மன்னிக்கிறேன்.

ஈரச்சப்பாத்து:
ஆறு வயதுக் குழந்தைக்கு 600 கிலோமீட்டர் எதற்கு? அதற்கு வேண்டியது சாய்வு குறைந்த ஒரு சிறு மேடும், பொறுமையுள்ள பயிற்றுநரும், சூடான சாக்லேட்டும்தான்.

வடக்குச்சரிவு:
அந்தச் சிறு மேட்டிலும் ஏப்ரலில் பனி இருக்கவேண்டும் அல்லவா? எங்கே இருக்கும்? 2,300 மீட்டரில்.

மலைரயில்:
செர்மாட்டில் குழந்தைகளைச் சுன்னெக்கா பக்கம் மேலே கூட்டிப்போய்ப் பழக்குவார்கள். அதுவும் ஏறக்குறைய 2,300 மீட்டர்தான். இப்போது என்ன சொல்வீர்கள்?

வடக்குச்சரிவு:
அது ஊரன்று, ஊருக்கு மேலே உள்ள லிஃப்ட் நிலையம். ஊர் 1,608 மீட்டரில்தான் இருக்கிறது, நேற்றும் இன்றும்.

முதல்தடவை:
தங்குமிடத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டவேண்டும்.

குக்கர்:
எந்த ஊரானாலும் குக்கரை எடுத்துப் போங்கள். என்னுடையதை மலைரயிலிடம் கேட்டுப் பாருங்கள்.

மலைரயில்:
வாஷர் கிழிந்த குக்கரை நான் யாருக்கும் தருவதாக இல்லை.

வடக்குச்சரிவு:
அந்தக் குக்கரில் செர்மாட்டில் சமைத்துத்தானே சோறு குழைந்தது? 1,608 மீட்டரில் அப்படித்தான் ஆகும்.