பழைய லுமாலாவுக்கு மோட்டர் பூட்டலாம், பற்றரியையும் நாங்களே கட்டலாமா?

சுன்னாகத்தான்
வணக்கம். வீட்டில் அப்பாவின் பழைய லுமாலா சைக்கிள் நிற்கிறது. 28 அங்குலச் சில்லு, கம்பி பிறேக் (கேபிள் இல்லை, இரும்புக் கம்பிதான் இழுக்கும்), பின்னால் பெரிய கரியர். சட்டத்தில் துரு இல்லை. எனக்கு வேலை யாழ்ப்பாணம் ரவுணில். கே.கே.எஸ். (காங்கேசன்துறை) வீதியால் ஒரு வழி ஏறக்குறைய 10 கிலோமீற்றர். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாளிலிருந்து இதற்கு ஒரு மோட்டர் பூட்டினால் என்ன என்று யோசனை. கடையில் 36 வோல்ற், 250 வாற் முன்சில்லு மோட்டர் கிட் இருக்கிறது. ஆனால் பற்றரி தனியாம், அதன் விலை கிட்டின் விலையை விடக் கூட. பழைய லப்ரொப் பற்றரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் செல்களை எடுத்து நாமே கட்டலாம் என்று கூட வேலை செய்யும் பொடியன் சொல்கிறான். செய்யலாமா?

பண்ணைக்காற்று
தாராளமாகச் செய்யலாம் தம்பி. நான் வேலணையிலிருந்து அப்படிக் கட்டிய பற்றரியில்தான் ஓடுகிறேன். உள்ளே இருப்பது 18650 என்ற செல், 18 மில்லிமீற்றர் குறுக்களவு, 65 மில்லிமீற்றர் நீளம். ஒன்று 3.6 வோல்ற். பத்தைத் தொடராகப் போட்டால் 36 வோல்ற், முழுச் சார்ஜில் 42. அந்தத் தொடரில் ஒவ்வொரு இடத்திலும் நான்கு செல்களைப் பக்கவாட்டாகச் சேர்த்தால் மொத்தம் 40 செல். நிக்கல் பட்டியை ஸ்பொட் வெல்டிங் செய்யவேண்டும், ஈயம் வைத்து நேரே ஒட்டக் கூடாது, செல்லுக்குச் சூடு ஏறும். மேலே ஒரு பீ.எம்.எஸ். பலகை, செல்களில் சார்ஜ் அளவுக்கு மேல் ஏறாமலும் இறங்காமலும் காப்பது. அவ்வளவுதான்.

எறிகிற பொருளைக் கொண்டு வேலை பார்ப்பது எங்களுக்குப் புதிதில்லை. தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய ஊர்.

கம்பிப்பிறேக்
அண்ணை, டைனமோக் கதை நல்ல கதை. ஆனால் அது 6 வோல்ற், 3 வாற். அதைத் தப்பாக வயர் பண்ணினால் ரேடியோ பாடாது. இதைத் தப்பாகக் கட்டினால் வீடு எரியும்.

கணக்கைப் பார்ப்போம். லப்ரொப் செல் புதிதாக இருந்தபோது 2200 மில்லி அம்பியர்-மணி அளவு. சில வருடம் ஓடி, தூக்கிப் போட்ட பற்றரியிலிருந்து எடுத்தால் 1500 கிடைத்தாலே பெரிய காரியம். நான்கு சேர்த்தால் 6 அம்பியர்-மணி, 36ஆல் பெருக்கினால் 216 வாற்-மணி. தம்பி போய்வர 20 கிலோமீற்றர். மிதித்துக்கொண்டு, அளவான வேகத்தில் போனாலும் கிலோமீற்றருக்கு 10 வாற்-மணி என்று வையுங்கள், 200 போய்விட்டது. வீட்டுப் படலையைக் காணும்போது பற்றரி முடிந்திருக்கும், அதுவும் காற்றில்லாத நாளில்.

அது பரவாயில்லை, மிதித்து வரலாம். பயம் வேறு இடத்தில். 250 வாற் என்று மோட்டரில் அடித்திருந்தாலும், மோட்டருக்குக் கரண்டை அளந்து விடும் கொன்ரோலர், கிட்டோடு வருவது, பெரும்பாலும் 15 அம்பியர் வரை இழுக்கும். 36ஆல் பெருக்கிப் பாருங்கள், 540 வாற். ஒவ்வொரு செல்லும் 3.75 அம்பியர் கொடுக்கவேண்டும். லப்ரொப் செல் அந்த வேலைக்குச் செய்ததல்ல, ஆறுதலாகக் கொடுக்கச் செய்தது. பழையதில் உள்தடை கூடியிருக்கும், இழுக்க இழுக்கச் சூடாகும். 40இல் ஒன்று மோசமாக இருந்தால் போதும்.

பண்ணைக்காற்று
கணக்குச் சரி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு 40 செல் கட்டச் சொல்லவில்லை. உடைத்தெடுக்கும் செல்லில் பாதிக்கு மேல் கழிந்துபோகும். 2.5 வோல்ற்றுக்குக் கீழே இறங்கிக் கிடந்தது என்றால் பார்க்கவே தேவையில்லை, எறி. மிச்சத்தை முழுக்கச் சார்ஜ் பண்ணி, சில கிழமை சும்மா வைத்து, வோல்ற் இறங்கினதையும் எறி. பேந்து ஒவ்வொன்றாகக் கொள்ளளவு அளந்து, ஒத்தவற்றைச் சேர்க்கவேண்டும். கொன்ரோலரையும் 10 அம்பியருக்குக் கட்டுப்படுத்தலாம், செல்லுக்கு 2.5 தான் வரும். பொறுமை இருப்பவன் செய்யலாம். பொறுமை இல்லாதவன் புதுச் செல் வாங்கட்டும்.

கம்பிப்பிறேக்
புதுச் செல் என்று எதை வாங்குவது? 9900 மில்லி அம்பியர்-மணி என்று அச்சடித்த 18650 சந்தையில் குவிந்து கிடக்கிறது. அந்த உருவத்தில் 3500ஐத் தாண்டுவதே பெரிய பாடு. நல்ல செல் ஏறக்குறைய 45 கிராம் நிறுக்கும். கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைத் தராசில் ஒருமுறை அந்த 9900 செல்லை வைத்துப் பார்த்தேன், 30 கிராமும் இல்லை. தட்டார் சிரித்தார்.

பொறுமையைப் பற்றி ஒரு சொல். அளந்து, ஒத்துப் பார்த்துக் கட்டினீர்கள், சந்தோசம். சார்ஜ் எங்கே போடுகிறீர்கள்? எங்கள் ஊரில் சைக்கிள் நிற்பது திண்ணையில் அல்லது கிடுகுக் கொட்டிலில். இரவு குத்திவிட்டுப் படுத்தால், அந்தக் கிடுகுக்குக் கீழே ஒரு செல் வெடித்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பண்ணைக்காற்று
சார்ஜ் பகலில், முற்றத்தில், சீமெந்து நிலத்தில், கண்ணுக்கு முன்னால். இரவில் ஒருநாளும் போடுவதில்லை. இதில் உங்களோடு சண்டை இல்லை.

வடமராட்சி ரீச்சர்
இரண்டு பேரும் செல்லுக்குள்ளேயே நிற்கிறீர்கள். நான் கடையில் கட்டி வந்த கரண்ட் சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்வருகிறேன், நெல்லியடிப் பக்கம். சேலையோடு ஏறக்கூடிய, நடுத்தண்டு தாழ்ந்த சட்டம். தம்பியின் அப்பாவின் லுமாலாவில் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் காற்று எல்லாருக்கும் ஒன்றுதான்.

சுன்னாகத்திலிருந்து ரவுணுக்கு வருவது தெற்கு நோக்கி. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் என்ற தென்மேற்குக் காற்று, காலையில் முகத்தில் அடிக்கும், பின்னேரம் முதுகில் தள்ளும். மார்கழி, தையில் வாடை, திரும்பி வரும்போது, களைத்திருக்கும் நேரத்தில் எதிர்க்கும். இந்த ஊர் மேடு பள்ளம் இல்லாத தட்டை என்று வெளியூர்க்காரர் சொல்வார்கள். எங்களுக்கு மேடு காற்றுத்தான். 20 வேகத்தில் போகிறவருக்கு எதிரே 20இல் காற்று வந்தால், 40இல் போவது போல உடம்பில் அடிக்கும். காற்றின் தடை நான்கு மடங்கு. அதற்குத்தான் மோட்டர் தேவை, வேகத்துக்கு அல்ல. பற்றரியை அந்த நாளுக்குக் கணக்குப் பார்த்து வாங்குங்கள்.

ரொறன்ரோ மாமா
பிள்ளைகள், 250 வாற் என்ன விளையாட்டா? 48 வோல்ற், 1000 வாற் போடுங்கோ. 45இல் பறக்கலாம். இங்கே எல்லாரும் அப்படித்தான் ஓடுகிறார்கள்.

கம்பிப்பிறேக்
மாமா, நீங்கள் இருக்கும் ஒன்ராறியோவில் ஈ-பைக்குக்கு 500 வாற்றும் மணிக்கு 32 கிலோமீற்றரும்தான் எல்லை, தலைக்கவசமும் கட்டாயம். பிரித்தானியாவிலும் இந்தியாவிலும் 250 வாற், 25 கிலோமீற்றர். அதற்கு மேல் போனால் அங்கெல்லாம் அது சைக்கிள் இல்லை. இங்கேயும் வாற்றைக் கூட்ட நினைப்பவர்கள் காசு கொடுக்க முதல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டத்தை விடுங்கள். 45இல் கே.கே.எஸ். வீதியால் வந்து, மருதனார்மடத்தில் சந்தைக்கு வெங்காய மூட்டையோடு ஒருவர் குறுக்கே திரும்பினால் நிற்க எது இருக்கிறது? கம்பி பிறேக்! குரோம் பூசிய இரும்பு ரிம்மில் மழை பட்டால், இறுக்கிப் பிடித்தாலும் சைக்கிள் முதலில் யோசித்துத்தான் நிற்கும். என் பெயரே அதுதான், அதன் குணம் எனக்குத் தெரியும். கிட்டோடு வரும் பிறேக் பிடியில் மோட்டரை நிறுத்தும் சுவிட்ச் இருக்கும். கம்பி பிறேக்கில் அந்தப் பிடியைப் பூட்ட இடமே இல்லை. பிடித்துக்கொண்டிருக்கும்போதே மோட்டர் தள்ளும்.

ரொறன்ரோ மாமா
சரி சரி, ஏன் இப்படிப் பாய்கிறாய் தம்பி. நான் பகிடிக்குச் சொன்னது பாதி.

சில்லுக்கடை
நான் சைக்கிள் திருத்துகிறவன், கிட் பூட்டியும் கொடுக்கிறேன். பற்றரிச் சண்டையில் எனக்குப் பங்கில்லை, இரும்பைப் பற்றிச் சொல்கிறேன்.

முன்சில்லு மோட்டர் பூட்டுவது லேசு, அதனால்தான் கடைகள் அதைத் தள்ளிவிடுகின்றன. லுமாலாவின் முன் போர்க் இரும்பு, அலுமினியம் போலத் திடீரென்று முறியாது. ஆனால் அச்சாணி இருக்கும் காடி ஒடுக்கம், மோட்டர் அச்சாணி உள்ளே போகாது. அரம் போட்டு அகட்ட வேண்டும். அகட்ட அகட்ட அங்கே இரும்பு குறையும். மோட்டர் சில்லை முன்னுக்குச் சுழற்றும்போது அச்சாணியைப் பின்னுக்குச் சுழற்றப் பார்க்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் காடியும் இரண்டு நட்டும் மட்டும். நட்டுத் தளர்ந்தால் அச்சாணி உருண்டு, அதற்குள்ளால் வரும் வயர் முழுவதையும் முறுக்கி அறுத்துவிடும். அது முன்சில்லில் நடந்தால் ஆளும் விழுவார். டோர்க் ஆம் என்று ஒரு இரும்புத் தகடு இருக்கிறது. ஒரு பக்கம் அச்சாணியைக் கவ்வும், மறுபக்கம் போர்க்கில் கிளிப் போட்டு இறுக்கலாம். கிட்டோடு பல இடங்களில் தருவதில்லை. கேட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் வெல்டிங் கடையில் 5 மில்லிமீற்றர் தகட்டில் வெட்டுவிக்கலாம்.

என் விருப்பம் பின்சில்லு. பாரம் அங்கேதான் இருக்கிறது, மணலில் முன்சில்லு போல வழுக்காது. பின் சட்டத்தைக் கொஞ்சம் விரிக்க வேண்டிவரும், இரும்பு என்பதால் விரியும். ரிம்மை அலுமினியத்துக்கு மாற்றி, கேபிள் பிறேக் போட்டால் மேலே ஐயா சொன்ன பிறேக் பிரச்சினையும் முடிந்தது.

பண்ணைக் கடல் பாலத்தால் ஓடுபவர்களுக்கு இன்னொன்று. உப்புக்காற்றில் வயர் பொருத்துகள் பச்சை பிடிக்கும். ஒரு பொருத்தைக் கழற்றினேன், உள்ளே செப்பு ஊசி தூளாகக் கொட்டியது. பொருத்துக்குள் கொஞ்சம் வசலின் பூசி, மேலே ரப்பர் ரியூப் சுற்றுங்கள். மோட்டருக்குள் போகும் வயரைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், மழைத்தண்ணி வயர் வழியே உள்ளே போகாமல் கீழே சொட்டிவிடும்.

பண்ணைக்காற்று
வசலின் உண்மை. எனக்கும் அதுதான் வேலை செய்கிறது.

சுன்னாகத்தான்
எல்லாருக்கும் நன்றி. லப்ரொப் செல்லை விட்டுவிடுகிறேன், பொறுமை எனக்கும் கொஞ்சம் குறைவு. கட்டி வரும் பற்றரியில் எதை வாங்குவது? லிதியம் இரும்புப் பொஸ்பேற் என்று ஒன்றும் சொல்கிறார்கள்.

கம்பிப்பிறேக்
அதை வாங்குங்கள். செல் 3.2 வோல்ற், 12 தொடராகப் போட்டால் 38.4. உங்கள் 36 வோல்ற் கொன்ரோலர் அதை ஏற்கும். அதே கொள்ளளவுக்குப் பாரம் கூட, ஆனால் சூட்டை நன்றாகத் தாங்கும், ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் பண்ணலாம். சித்திரை வெயிலில் மதில் ஓரம் நிற்கப்போகும் சைக்கிளுக்கு அதுதான் சரி. சார்ஜர் மட்டும் கவனம்: இதற்கு 43.8 வோல்ற், மற்றதற்கு 42. மாற்றிக் குத்த வேண்டாம். 10 அம்பியர்-மணி எடுத்தால், முழுச் சார்ஜுக்கு அரை யூனிற் கரண்டும் போகாது.

அக்சிலேற்றர் மட்டும் பூட்ட வேண்டாம் என்பது என் கருத்து. மிதித்தால் மோட்டர் துணைக்கு வருவது போதும். கையால் முறுக்கி ஓடுவது சைக்கிள் ஓடுவதல்ல.

வடமராட்சி ரீச்சர்
அதற்கு நான் எதிர். சந்தியில் நின்று புறப்படும்போது, கரியரில் கொப்பி மூட்டையோடு, முதல் மிதி மிதிக்க எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குத் தெரியுமா ஐயா? அந்த மூன்று நான்கு மீற்றருக்கு அக்சிலேற்றர் வேண்டும். முழங்கால் நோகிறவர்களுக்கும் வேண்டும். பிறகு மிதித்துக்கொள்ளட்டும்.

கம்பிப்பிறேக்
மூன்று மீற்றருக்கு என்று பூட்டி, முப்பது கிலோமீற்றருக்கும் அதையே முறுக்கிக்கொண்டு போகிறவர்களைத்தான் நான் வீதியில் காண்கிறேன் ரீச்சர்.

வடமராட்சி ரீச்சர்
போகட்டுமே. அவர்கள் பற்றரி, அவர்கள் காசு.

சுன்னாகத்தான்
சில்லுக்கடை அண்ணை, பின்சில்லு என்றே முடிவு. 28 அங்குல அலுமினிய ரிம்மில் மோட்டரைக் கட்டித் தருவீர்களா? பழைய சில்லுக் கம்பிகளைப் பாவிக்கலாமா?

சில்லுக்கடை
பழைய கம்பி சரிவராது. மோட்டரின் விளிம்பு பெரிது, கம்பி கட்டையாக வேண்டும், தடிப்பும் கூட வேண்டும். ரிம்மை வாங்கிக்கொண்டு மோட்டரோடு கொண்டுவாருங்கள், அளந்துதான் கம்பி வெட்டலாம். ரிம்மில் துளை 36 என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள், மோட்டரில் பெரும்பாலும் 36தான் வரும். சட்டத்தையும் கொண்டுவாருங்கள், விரித்துப் பார்க்கவேண்டும். ஞாயிறு கடை பூட்டு.