விசா வேண்டாம் என்ற நாட்டுக்கும் விமானம் ஏற முடியவில்லை: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

திருச்சி (தொடக்கப் பதிவு)

எல்லோருக்கும் வணக்கம். இந்த ஜனவரியில் எங்களுக்கு நடந்ததைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். வயதான அப்பா அம்மாவை வெளிநாட்டுக்கு அழைத்துப் போகிறவர்கள் தயவுசெய்து முழுதும் படியுங்கள்.

என் அக்கா திருமணமாகி மலேசியாவில் கிள்ளானில் இருக்கிறாள். பத்துமலையில் தைப்பூசத்தன்று பால்குடம் எடுப்பதாக அம்மாவுக்கு ஒரு நேர்த்திக்கடன். 2026-இல் பூசம் பிப்ரவரி 1-ஆம் தேதி வந்தது. ஜனவரி 28 இரவு திருச்சியிலிருந்து நேராகக் கோலாலம்பூருக்கு டிக்கெட் போட்டோம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம். அந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதனால் எங்கள் கவலையெல்லாம் பெட்டியின் எடையைப் பற்றித்தான் இருந்தது.

கவுன்ட்டரில் இருந்த பெண் அம்மாவின் பாஸ்போர்ட்டை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். "இது ஜூன் மாதத்தோடு முடிகிறதே அம்மா, ஆறு மாதம் இருக்க வேண்டுமே" என்றார். அம்மாவுக்குப் புரியவில்லை. "ஜூன் வர இன்னும் நாள் இருக்கிறதே கண்ணு, நாங்கள் பத்து நாளில் வந்துவிடுவோம்" என்று சொன்னார். நானும் அதையேதான் சொன்னேன். மலேசியாவில் இறங்கும் நாளிலிருந்து பாஸ்போர்ட்டுக்குக் குறைந்தது ஆறு மாத ஆயுள் இருக்க வேண்டும் என்பது விதி. எங்களிடம் ஐந்து மாதம்கூட இல்லை. மேலாளரைக் கூப்பிட்டார்கள், அவரும் கணினியில் பார்த்துவிட்டு முடியாது என்றார். எடை போட்ட பெட்டியை இறக்கி எங்கள் கையில் கொடுத்தார்கள். பால்குடத்துக்கு வாங்கிய மஞ்சள் புடவை அதில்தான் இருந்தது. அம்மா அழவில்லை. வெளியே வந்து ஒரு மணி நேரம் எதுவும் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதை நான் மறக்க மாட்டேன்.

அன்று அந்தப் பெண் மேல் எனக்கு வந்த கோபம் நியாயமில்லை என்று பிறகுதான் புரிந்தது. ஆவணம் சரியில்லாத பயணியை ஏற்றிப் போனால், அங்கே இறக்காமல் திருப்பி அனுப்புவார்கள். அவரைத் திரும்பக் கொண்டுவருவது விமான நிறுவனத்தின் பொறுப்பு, பல நாடுகளில் அபராதமும் உண்டு. அதனால் ஐயாட்டாவின் (உலக விமான நிறுவனங்களின் சங்கம்) டைமாட்டிக் என்ற தகவல் தொகுப்பில் ஒவ்வொரு நாட்டின் விதியையும் பார்த்துத்தான் ஏற்றுகிறார்கள். நம் பயணத்தின் முதல் எல்லை அந்த கவுன்ட்டர்தான்.

இன்னொன்றையும் யோசித்துப் பார்த்தேன். 2016-இல் அக்கா கல்யாணத்துக்குப் போனபோது விசா எடுக்க வேண்டியிருந்தது. ஏஜென்ட் பாஸ்போர்ட்டை வாங்கித் தேதி, பெயர், காலிப் பக்கம் எல்லாம் பார்த்தார். இப்போது விசா இல்லை என்பதால் நம் தாள்களை முன்கூட்டியே பார்க்க ஒருவரும் இல்லை. தவறு இருந்தால் கடைசி நிமிடத்தில்தான் தெரிகிறது. டிக்கெட் பணத்தில் வரியும் விமான நிலையக் கட்டணமும் மட்டும் திரும்பி வந்தன.

இதுபோல் விசாவில், கவுன்ட்டரில், இமிகிரேஷனில் உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

கிள்ளான், மலேசியா

சகோதரி, படிக்கும்போதே மனம் கனத்துவிட்டது. நானும் கிள்ளான்தான். உங்கள் அக்கா வீட்டில் அன்றைக்கு எப்படிக் காத்திருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நீங்கள் எழுதிய ஆறு மாத விதியோடு இன்னொன்றும் இருக்கிறது. எம்.டி.ஏ.சி. என்கிற மின்னியல் வருகை அட்டை. 2024 ஜனவரி 1 முதல் கட்டாயம். இங்கே வந்து சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் ஒரு காசும் இல்லை. ஆனால் தேடினால் முதலில் வருவது பணம் வாங்குகிற தனியார் தளங்கள். என் சித்தப்பா புதுக்கோட்டையிலிருந்து வந்தபோது அப்படி ஒன்றில் பணம் கட்டிவிட்டார். முகவரி மலேசிய அரசுத் தளத்தினுடையதுதானா என்று பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

சித்தப்பாவுக்கு விமான நிலையத்திலும் சிரமம். எங்கே தங்கப் போகிறீர்கள் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். இவருக்கு "அண்ணன் மகள் வீடு" என்பதைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.  தனி அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். நான் வெளியே மூன்று மணி நேரம் நின்றேன். அவர் விசிட்டிங் கார்டில் இருந்த புதுக்கோட்டைக் கடை எண்ணுக்குப் பேசி, அங்கிருந்து என் எண்ணை வாங்கிக் கூப்பிட்டார்கள். அழைக்கிற வீட்டின் முழு முகவரி, கைப்பேசி எண், உறவுமுறை, திரும்பும் தேதி ஆகியவற்றை ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கடப்பிதழுக்குள் வையுங்கள். பெரியவர்களுக்கு அந்த ஒரு தாள் போதும், நீட்டினால் படித்துக்கொள்வார்கள்.

கீழக்கரை

எங்களுக்குத் தேதி சரியாகத்தான் இருந்தது, பெயர் மாட்டிவிட்டது.

என் மனைவியின் பாஸ்போர்ட்டில் பெயர் ஒற்றைச் சொல். குடும்பப் பெயர் என்ற இடம் காலி. நம் ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான். இனிஷியலோடு பள்ளியில் சேர்ப்பார்கள், பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை என்ன செய்வது என்று தெரியாமல் விட்டுவிடுவார்கள். 2022 நவம்பரில் நான் துபாயில் வேலையில் இருந்தேன், அவளுக்கு விசிட் விசா எடுத்திருந்தேன். அந்த மாதம் 21-ஆம் தேதி முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் விசிட் விசாவில் ஐக்கிய அரபு அமீரகத்துக்குள் வர முடியாது என்று விதி வந்தது. எங்கள் டிக்கெட் 22-ஆம் தேதி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சென்னை விமான நிலையம் வரை போய்விட்டுத் திரும்பினாள்.

பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று சில நாளிலேயே தெளிவுபடுத்தினார்கள். அவளுக்குக் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தது, அதை வைத்துப் பிறகு வந்துவிட்டாள். இருந்தாலும் நான் அத்தோடு விடவில்லை. மறுமுறை ஊருக்கு வந்தபோது தந்தை பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்து பாஸ்போர்ட்டை மாற்றினோம்.

அமெரிக்க விசாவில் இதே சிக்கல் வேறு மாதிரி வரும். ஒற்றைப் பெயர் என்றால் அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, முதல் பெயர் இருக்கும் இடத்தில் எஃப்.என்.யூ. என்று அச்சடிப்பார்கள். 'முதல் பெயர் தெரியாது' என்று பொருள். என் தங்கை மகனுக்கு அங்கே வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் அதுவே அவன் பெயராக ஏறிவிட்டது. மாற்றுவதற்குப் பட்ட பாடு அதிகம்.

குழந்தைக்கு முதல் பாஸ்போர்ட் எடுக்கும்போதே இரண்டு இடத்தையும் நிரப்பிவிடுங்கள். பிறகு மாற்றினால் ஆதார், பான், சான்றிதழ் எல்லாவற்றோடும் பொருந்த வேண்டும்.

சேலம்

சுருக்கமாக ஒன்று. என் தம்பி பத்தாம் வகுப்பு தேறாதவன், அதனால் இ.சி.ஆர். பாஸ்போர்ட், அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக நம் அரசின் அனுமதி வாங்க வேண்டிய பாஸ்போர்ட். நண்பர்களோடு தாய்லாந்து சுற்றுலா போனான். சென்னையில் நம் நாட்டு இமிகிரேஷனிலேயே அவனை மட்டும் தனியாக நிறுத்தினார்கள். திரும்பும் டிக்கெட், ஓட்டல் முன்பதிவு, கையிருப்புப் பணம் மூன்றையும் காட்டிய பிறகு விட்டார்கள்.

இ.சி.ஆர். பட்டியலில் 18 நாடுகள் இருக்கின்றன. வளைகுடா நாடுகளோடு மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியாவும் உண்டு. வேலைக்குப் போனால்தான் அனுமதி வாங்க வேண்டும், சுற்றுலாவுக்கு அது தேவையில்லை. ஆனாலும் கேள்வி வரும். அப்படிக் கேட்பது சரி என்றே நினைக்கிறேன். கணினி வேலை என்று ஆசை காட்டித் தாய்லாந்துக்கு வரவழைத்து, எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைத்து, மோசடி வேலை செய்ய வைத்தார்களே, அந்தப் பிள்ளைகளில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். 2022-இல் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கையே விட்டது. வேலைக்குப் போகிறவர் சுற்றுலா என்று சொல்லிப் போகவே கூடாது.

கோயம்புத்தூர்

கென்யாவுக்கு மோட்டார் பம்பு பொருத்தும் வேலையாகப் போனேன். மின்னணுப் பயண அனுமதியை வாங்கிவிட்டேன், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசியில்தான் நினைத்தேன். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டபோது பயணத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. ஊசி போட்டதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டை பத்து நாள் கழித்துத்தான் செல்லும் என்று அங்கே சொன்னார்கள். பயணத்தைத் தள்ளிப் போட்டேன்.

போகும்போது மட்டும் பார்ப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டுக்குத் திரும்பும்போதுதான் கண்டிப்பு அதிகம். அந்த நோய் உள்ள நாட்டிலிருந்து செல்லுபடியாகும் அட்டை இல்லாமல் வந்தால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கப் போதும், 2016 ஜூலை முதல் அப்படித்தான். அட்டையைத் தொலைக்காமல் வைத்திருந்தால் சரி.

ஈரோடு

என்னுடையது நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறாள். 2025-இல் அவளுக்கு முதல் பிரசவம். நானும் மனைவியும் ஷெங்கன் விசாவுக்கு, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசாவுக்கு, விண்ணப்பித்தோம். ஆளுக்கு 90 யூரோ, 2024 ஜூன் வரை அது 80-ஆக இருந்தது. முதல் முறை மறுத்துவிட்டார்கள். கடிதத்தில், விசா முடியும் முன் நாடு திரும்புவோம் என்பதில் சந்தேகம் இருப்பதாகக் குறித்திருந்தார்கள். நான் மஞ்சள் விவசாயி, பிறந்ததிலிருந்து இந்த மண்ணை விட்டு ஒரு மாதம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. அதைப் படித்தபோது அவமானமாக இருந்தது.

ஆனால் தாள்களை எடுத்து மறுபடி பார்த்தபோது என் தவறு தெரிந்தது. கணக்கில் பணம் குறைவாக இருக்கிறதே என்று, விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன் தம்பியிடம் ஐந்து லட்சம் வாங்கிப் போட்டிருந்தேன். ஆறு மாதமாகச் சில ஆயிரம் ஓடிய கணக்கில் திடீரென்று ஐந்து லட்சம் நின்றால் யாருக்கும் சந்தேகம் வரும். நிலத்தைப் பற்றி ஒரு தாளும் வைக்கவில்லை. சம்பளச் சீட்டு இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு நிலம்தானே ஊர் திரும்புவதற்குச் சாட்சி.

முன்பெல்லாம் மறுப்பை எதிர்த்து ஜெர்மன் தூதரகத்துக்கே கட்டணமில்லாமல் மனுப் போடலாமாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை நிறுத்திவிட்டார்கள். இனி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் போக வேண்டும். நாங்கள் மறுபடி விண்ணப்பித்தோம். இந்த முறை மருமகன் அங்கே வெளிநாட்டவர் அலுவலகத்தில், எங்கள் செலவுக்குத் தான் பொறுப்பு என்று உறுதிப் பத்திரம் எடுத்து அனுப்பினார். சிட்டா, அடங்கல், மஞ்சள் விற்ற ரசீது எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்தேன். தம்பி பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதையும் விளக்கி ஒரு கடிதம் எழுதினேன். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது, அதையும் சரிபார்த்தேன். விசா வந்தது.

விசா ஒட்டிய பிறகு எதையும் பார்க்காமல் வைத்துவிடாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது வேறு, எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறு. இரண்டும் தனித்தனியாக அச்சாகியிருக்கும். எங்களுக்குத் தேதிகளின் இடைவெளி 105 நாள், தங்கும் நாள் 90. எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் கூடாது. இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். என் மனைவி காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தாள். 2025 அக்டோபர் 12 முதல் அங்கே கைரேகையும் முகமும் பதிந்து, உள்ளே வந்த நாளையும் வெளியேறிய நாளையும் கணினியிலேயே எண்ணும் முறையைத் தொடங்கிவிட்டார்கள். ஒரு நாள் கூடினாலும் தெரியும்.

பிரசவத்துக்குப் போகும் அம்மாக்களுக்கு ஒரு விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருள் கொண்டுபோக முடியாது. நெய்யும் பால் பொருள்தான். மனைவி வீட்டு மாட்டின் வெண்ணெய் உருக்கி இரண்டு லிட்டர் எடுத்து வந்திருந்தாள், சுங்கத்தில் எடுத்துக்கொண்டார்கள். மஞ்சள், சுக்கு, மிளகுப் பொடி எல்லாம் வந்து சேர்ந்தன.

திருச்சி

எல்லோருக்கும் நன்றி. ஈரோடு அண்ணா, பேரப்பிள்ளை நலமா என்று எழுதவே இல்லையே.

எங்கள் கதையின் மீதியையும் சொல்கிறேன். திரும்பி வந்த மறுநாளே தட்காலில் விண்ணப்பித்தோம், 3,500 ரூபாய். பிப்ரவரியில் புதிய பாஸ்போர்ட் கைக்கு வந்தது. முடிவதற்கு ஓராண்டு முன்னதாகவே புதுப்பிக்க விடுகிறார்கள். போன ஜூனிலேயே செய்திருக்கலாம், நான்தான் பார்க்கவில்லை.

மார்ச்சில் போனோம். எம்.டி.ஏ.சி. மூன்று நாளுக்கு முன் நிரப்பினேன். இங்கே எழுதிய கிள்ளான் சகோதரி சொன்னபடி ஒரு தாளில் முகவரி எழுதி அம்மாவின் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தேன். வரிசையில் நான் பின்னால் நின்றேன். அதிகாரி ஏதோ கேட்டார், அம்மா அந்தத் தாளை எடுத்து நீட்டினார். அவர் படித்தார், அம்மாவைப் பார்த்து "கிள்ளான்?" என்றார். அம்மா "ஆமாம், பெரிய மகள்" என்று தமிழிலேயே சொன்னார். முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

பூசக் கூட்டம் இல்லாத பத்துமலை. அந்த மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு அம்மா 272 படியும் ஏறினார், நடுவில் இரண்டு இடத்தில் மட்டும் உட்கார்ந்தார். பால்குடத்தை அடுத்த பூசத்துக்கு வைத்திருக்கிறார். 2027 ஜனவரியில் வருகிறது. விசா இல்லாத சலுகை அதற்கு முந்தைய டிசம்பரோடு முடிகிறது. நீட்டிப்பார்களா என்று நவம்பரிலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பேன், தெரிந்ததும் இங்கே எழுதுகிறேன்.